குறை நீங்கிய சான்றிதழ்

காரைக்குடியில் அந்தக் காலத்தில் இளைஞர்களைத் தாங்கிப் பிடிப்பதற்கென்றே ஒரு சபை இருந்தது. 'தடம் மாறும் மாணவர்க்கான நல்வழிகாட்டுச் சபை' என்று பெயர். பெயர்ப்பலகை ஒன்பது அடி நீளம். சபை கூடுகிற பள்ளிக்கூட அறையின் முகப்பு அவ்வளவு அகலம் கிடையாது. அதனால் பலகையின் இரண்டு முனைகளும் பக்கத்து வகுப்புகளின் சன்னலை மறைத்துக்கொண்டிருந்தன. அந்த வகுப்புப் பையன்கள் பகலிலும் விளக்குப் போட்டுப் படித்தார்கள்.

சபையில் இருந்தவர்கள் எல்லாரும் தொழிலில் பேர் எடுத்தவர்கள். ஒரு டாக்டர், ஒரு வக்கீல், ஒரு போலீஸ் சப்-இன்ஸ்பெக்டர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், மாணவர் விடுதியின் வார்டன் கோட்டைச்சாமி. வார்டன்தான் காரியதரிசி. தலைவர் உடையப்பன், பள்ளிக்கூடத்தை நடத்துகிற குடும்பத்தின் பெரியவர். வழுக்கப் போகிற இளைஞர்கள் யார் யார் என்று கண்டுபிடித்து, வழுக்குவதற்கு முன்னாலேயே பிடித்துக்கொள்வது இவர்கள் வேலை. பிடித்த இடத்தில் தழும்பு விழுந்தால் அது பிடியின் உறுதியைத்தான் காட்டுகிறது என்று தலைவர் ஒரு விழாவில் பேசினார். கைதட்டினார்கள்.

என் தம்பி மருதுவை அவர்கள் 1968ஆம் வருடம் ஐப்பசி மாதத்தில் பிடித்தார்கள்.

நான் கீழச்சிவல்பட்டியில் தையல் கடை வைத்திருந்தேன். அப்பா அம்மா இல்லை. மருது காரைக்குடியில் விடுதியில் தங்கிப் பதினோராம் வகுப்புப் படித்தான். பதினேழு வயது. ஒரு வெள்ளிக்கிழமை தபாலில் அட்டை ஒன்று வந்தது. 'தங்கள் தம்பியிடம் மேற்படி குறை காணப்படுவதால், காப்பாளர் என்ற முறையில் தாங்கள் வருகிற சனிக்கிழமை மாலை நாலு மணிக்கு நேரில் வரவும்.' மேற்படி என்றால் மேலே ஏதாவது எழுதியிருக்க வேண்டும். மேலே என் விலாசமும் சபையின் முத்திரையும்தான் இருந்தன.

மறுநாள் பஸ் பிடித்துப் போனேன். நீள மேசை. மேசையில் ஒரு தட்டு நிறைய வெள்ளைப் பணியாரம், பக்கத்தில் ஒரு நீலக் காகித உறை. மருது சுவர் ஓரமாக நின்றுகொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. அவன் கண் அடிக்கடி சுவர்க் கடிகாரத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

"எந் தம்பி என்னய்யா செஞ்சான்? திருடிட்டானா?" என்று கேட்டேன்.

"திருடியிருந்தா ஸ்டேசன்ல சொல்லி முடிச்சிருப்போமே தாயி" என்றார் தலைவர்.

"பரீட்சையில பாத்து எழுதினானா?"

"சேச்சே, நல்லாப் படிக்கிற பையன்" என்றார் வார்டன், நான் அவதூறு சொன்னதுபோல.

"யாரையும் அடிச்சானா?"

"அடிக்கலை. அடிச்சிருந்தாத்தான் நிம்மதியா இருக்குமே" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

தலைவர் எனக்குச் சபையின் ஏழாவது விதியை விளக்கினார். குறையைப் பெயர் சொல்லிக் குறிப்பிடக் கூடாது. பெயர் சொன்னால் பரவும். ஆகவே நடவடிக்கைக் குறிப்பில் எல்லா இடத்திலும் 'மேற்படி' என்றே எழுதப்படும். மூன்று வருடமாக இந்த விதியை ஒரு தடவைகூட மீறியதில்லை என்பது சபையின் பெருமை. அதற்கு முந்தைய பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்தால் அங்கேயும் 'மேற்படி' என்றுதான் இருக்கும்.

எனக்குப் புரிந்த மட்டில் நடந்தது இது. புதன்கிழமை வார்டன் விடுதி அலமாரிகளைச் சோதனை போட்டபோது மருதுவின் லாகரிதம் புத்தகத்துக்குள் ஒரு கடிதம் இருந்தது. மேலே 'மருதுவுக்கு' என்று எழுதியிருந்தது. கீழே கையெழுத்து இல்லை. யாரோ ஒரு பையன் அந்தப் புத்தகத்தை இரவல் வாங்கித் திருப்பி வைக்கும்போது உள்ளே வைத்திருக்கிறான். மருது அப்போது மைதானத்தில் இருந்தான். அவன் வருவதற்குள் கடிதம் சபையின் சொத்தாகிவிட்டது.

வியாழக்கிழமை அவசரக் கூட்டம் போட்டு உறுப்பினர்கள் வாசித்தார்கள். தலைவர் முதலில் வாசித்தார். வாசித்து முடித்த கையோடு ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்: 'கடிதம் யாருக்கு வந்ததோ அவருடைய குறை. யாரிடமிருந்து வந்தது என்று ஆராய்வது சபையின் வேலை அல்ல.' ஒருமனதாக நிறைவேறியது. நான் அந்தத் தீர்மானத்தைக் கேட்டபோது இது என்ன நியாயம் என்று மட்டும்தான் யோசித்தேன். பெரியவர் ஏன் அவ்வளவு அவசரப்பட்டார் என்று யோசிக்கவில்லை.

மருது அந்தச் சனிக்கிழமை ஒன்றே ஒன்றுதான் கேட்டான். "ஐயா, அந்தக் கடுதாசிய நா ஒரு தடவ வாசிச்சிட்டுத் தந்திர்றேன்."

டாக்டர் வேண்டாம் என்று தலையாட்டினார். வாசித்தால் குறை முற்றிவிடும் என்பது அவருடைய மருத்துவக் கருத்து. "நாங்க வாசிச்சிருக்கோம்ல தம்பி, போதும். உனக்காகத்தான் வாசிச்சோம்" என்றார்.

கூட்டம் ஏழு மணி வரை நடந்தது. முதல் ஒரு மணி நேரம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த மருது, பிறகு பார்ப்பதை நிறுத்திவிட்டான்.

திட்டம் தயாராகச் சொல்லப்பட்டது. டாக்டர், வக்கீல், சப்-இன்ஸ்பெக்டர் மூவரும் முறையாக மருதுவுக்கு உதவி செய்வார்கள். மூவரும் திருப்தி என்று எழுதிக் கொடுத்தால் 'குறை நீங்கிய சான்றிதழ்' கிடைக்கும். அது இருந்தால்தான் நன்னடத்தைச் சான்று. நன்னடத்தைச் சான்று இருந்தால்தான் மார்ச் மாதப் பரீட்சைக்கு விண்ணப்பம் போகும். தை பத்துக்குள் போக வேண்டும்.

முதல் உதவி டாக்டருடையது. தனியறைக்குக் கூட்டிப் போய் நாக்கை நீட்டச் சொன்னார், கண்ணிமையைத் தூக்கிப் பார்த்தார், முழங்காலில் சுத்தியால் தட்டினார். பிறகு நாலு நாளைக்குப் பேதிக்கும் பூச்சிக்கும் மருந்து எழுதினார். பூச்சிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்டேன்.

"சம்பந்தம் இருக்கா இல்லையான்னு எனக்குத் தெரியாதும்மா" என்றார் அவர் மனம் திறந்து. "எங்க படிப்புல இதுக்கு ஒரு பாராதான் இருந்துச்சு, அன்னிக்கு நா வகுப்புக்குப் போகலை. பூச்சி மருந்து எனக்கு நல்லாத் தெரியும். தெரிஞ்ச வைத்தியத்தத்தானே நா செய்ய முடியும்?"

மருது நாலு நாளில் எலும்பும் தோலுமாக ஆனான். முதல் உதவி திருப்தி என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார்.

அடுத்தது வக்கீல். இருபது வரியில் ஓர் உறுதிமொழிப் பத்திரம் தயாரித்திருந்தார். 'இனிமேல் மேற்படி விதமாக இருக்க மாட்டேன், மேற்படி விதமாக இருந்ததும் இல்லை, இருந்திருந்தால் அதற்காக வருந்துகிறேன்.' மருது அதை இரண்டு முறை வாசித்துவிட்டு, எந்த விதமாக என்று கேட்டான்.

"தெரிஞ்சா கேக்காதே. தெரியாட்டி கேக்கவே கேக்காதே" என்றார் வக்கீல். பிறகு என் பக்கம் திரும்பி, இப்படிக் கேள்வி கேட்பதும் மேற்படியின் அடையாளம்தான் என்றார். மருது கையெழுத்துப் போட்டான்.

மூன்றாவது சப்-இன்ஸ்பெக்டர். வாரா வாரம் செவ்வாய்க்கிழமை ஸ்டேஷனுக்கு வந்து பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். முதல் செவ்வாய் அங்கே ஒரு சிக்கல் வந்தது. பதிவேட்டில் திருட்டுக்கு ஒரு பத்தி இருந்தது, அடிதடிக்கு, சாராயத்துக்கு, விளக்கில்லாத சைக்கிளுக்கு ஒவ்வொரு பத்தி இருந்தது. மேற்படிக்கு இல்லை. சப்-இன்ஸ்பெக்டர் நல்லவர், நெடுநேரம் யோசித்து, இருப்பதில் சின்னது என்று விளக்கில்லாத சைக்கிள் பத்தியில் எழுதினார். ஆனால் பொய்ப் பதிவு செய்யக் கூடாதல்லவா. அதனால் அடுத்த வாரத்திலிருந்து ஒரு சைக்கிளோடு வரச் சொன்னார்.

மருதுவுக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. நான் ஒவ்வொரு செவ்வாயும் கடையை அடைத்துவிட்டு வந்து வாடகை சைக்கிள் எடுத்துக் கொடுத்தேன். அவன் அதைத் தள்ளிக்கொண்டே ஸ்டேஷனுக்குப் போவான். மூன்றாவது வாரம் சப்-இன்ஸ்பெக்டர் அதில் விளக்கு இருப்பதைப் பார்த்துவிட்டார். கழற்றி வரச் சொன்னார். சைக்கிள் கடைக்காரர் ஹனிபா, எதற்கு ஆத்தா விளக்கைக் கழற்றச் சொல்றீக என்று கேட்டார். தம்பியைத் திருத்துகிறார்கள் என்றேன். அவர் அதற்குமேல் கேட்காமல் ஒரு விளக்கில்லாத சைக்கிளைத் தனியாக எடுத்து, செவ்வாய்க்கிழமைக்கென்றே நிறுத்தி வைத்தார்.

இதற்கிடையில் கடிதம் வாசிக்கப்பட்டுக்கொண்டே இருந்தது. சபைக்கு விருந்தினராக யார் வந்தாலும் பணியாரம் கொடுத்து, பிறகு நீல உறையைக் கொடுப்பார்கள். வார்டன் ஒழுங்கானவர். தனித் தாள் தொலைந்துபோகும் என்று கடிதத்தின் பின்பக்கத்திலேயே 'படித்தேன்' என்று தேதி போட்டுக் கையெழுத்து வாங்கினார். தமிழாசிரியர் வாசித்தபோது விட்டுப்போன ஒற்றுகளைச் சிவப்பு மையால் போட்டு, ஓரத்தில் பத்துக்கு ஆறு மதிப்பெண் கொடுத்தார். மதுரையிலிருந்து வந்த ஒரு பேராசிரியர், இளைஞர் வழிகாட்டல் பற்றி ஊர் ஊராகப் பேசுகிறவர், வாசித்துவிட்டு நடை உருக்கமாக இருக்கிறது என்றார். தை பிறப்பதற்குள் பதினேழு பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். தன் பெயருக்கு வந்த கடிதத்தை வாசிக்காதவன் மருது ஒருத்தன்தான்.

அந்தப் பேராசிரியரை வரவேற்றுத் தலைவர் பேசியதை நான் பின்வரிசையில் நின்று கேட்டேன். "இந்தச் சபையின் வெற்றியை எதை வைத்து அளக்கலாம்? இதுவரை பதினோரு இளைஞர்களுக்கு உதவியிருக்கிறோம். அந்தப் பதினோரு பேரில் ஒருவர்கூட இன்றைக்கு வரைக்கும் எங்களிடம் திரும்பி வந்ததில்லை. ஒருவர்கூட."

மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மருது வீட்டுக்கு வந்தான். நான் ஒரு ரவிக்கைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தேன். அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து வெட்டுத்துணிகளைப் பொறுக்கிக்கொண்டே சொன்னான்.

"அக்கா, அந்தக் கடுதாசி எழுதினது யாருன்னு எனக்குத் தெரியும். என்ன எழுதியிருக்குன்னுதான் தெரியலை."

நான் துணியைத் திருப்பிப் பிடித்தேன்.

"எனக்கு அவனப் பிடிக்கும்க்கா. நீ நெனக்கிற மாதிரி சிநேகிதம் இல்ல. கல்யாணம் கட்டிக்கிற மாதிரி பிடிக்கும். அவனுக்கும் அப்படித்தானான்னு தெரிஞ்சா போதும். அத மட்டும் அவுககிட்டக் கேட்டுச் சொல்றியா?"

மூன்று மாதமாக ஆறு பெரிய மனிதர்கள் சொல்லத் துணியாததை அவன் ஒரே மூச்சில் சொல்லிவிட்டான். நான் என்ன செய்தேன் என்றால், மிஷினை மிதித்தேன். ஓரம் அடித்து முடித்து, நூலை வெட்டிவிட்டு, சாப்பிட வா என்றேன். சபையை நான் எவ்வளவு வேண்டுமானாலும் திட்டலாம். அந்த மிஷின் சத்தம் என்னுடையது.

மறுவாரம் போய்க் கேட்கத்தான் செய்தேன். அவன் கேட்டபடி கேட்க எனக்கு வாய் வரவில்லை. கடிதத்தில் ஒரு வரியாவது சொல்லுங்கள் என்று கேட்டேன். ஏழாவது விதியை எடுத்துக் காட்டினார்கள்.

தை எட்டாம் தேதி சபை கூடி மருதுவின் சான்றிதழை முடிவு செய்வதாக இருந்தது. மூன்று திருப்தியும் வந்துவிட்டன. அன்றைக்குத் தேவகோட்டையில் ஒரு பெரிய கல்யாணம். உறுப்பினர்கள் போதாமல் கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. அடுத்த கூட்டம் தை இருபத்திரண்டு. விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் தை பத்து. மருது வார்டனிடம் போய் நின்றிருக்கிறான். அவர், அவசரப்படுவதும் ஒரு குறைதான், அடுத்த வருடம் எழுதலாம், அதுவரை செவ்வாய்க்கிழமை தவறாமல் போய் வா என்று சொல்லியிருக்கிறார்.

தை பன்னிரண்டாம் தேதி காலையில் என் தம்பியை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். எப்படி என்று நான் எழுதப் போவதில்லை. அதைக் கூடிக் கூடிப் பேசியவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு அது போதும். ஹனிபா வந்து கடைசிவரை நின்றார். சபையிலிருந்து ஒரு மாலை வந்தது. இரங்கல் தீர்மானத்தின் நகலும் வந்தது: 'மேற்படி மாணவன் மேற்படி காரணத்தால் காலமானதற்குச் சபை வருந்துகிறது.'

சித்திரையில் இன்னோர் அட்டை வந்தது. என் தம்பி குணமாகிவிட்டானாம். பதினாலாவது விதிப்படி, தொண்ணூறு நாட்களுக்கு ஒரு மாணவனைப் பற்றிப் புதிய புகார் எதுவும் வராவிட்டால் அவன் திருந்தியதாகக் கொள்ளப்படுவான். மருதுவைப் பற்றித் தொண்ணூறு நாட்களாக யாரும் புகார் சொல்லவில்லை. எனவே குறை நீங்கிய சான்றிதழை நேரில் வந்து பெற்றுக்கொள்ளவும். அந்த வருட அறிக்கையில் 'முழுமையாகக் குணமானோர்: ஒருவர்' என்று அச்சடித்தும் விட்டார்கள்.

போனேன். சபையின் கடைநிலை ஊழியர் பெத்தன் மட்டும் இருந்தார். சான்றிதழைக் கொடுத்தார். பெரிய எழுத்தில் மருதுவின் பெயர், கீழே ஐந்து கையெழுத்து. பிறகு ஒரு நீல உறையை எடுத்து நீட்டினார். கோப்பு முடிந்தால் அதில் வைத்திருந்த பொருளைக் காப்பாளரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று பதினைந்தாவது விதி. பெத்தன் விதி தவறாதவர். எந்தப் பொருள் எந்தக் கோப்பு என்று பார்த்து நடக்கும்படி அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

"இங்குட்டு ஒரு கையெழுத்துப் போடுங்க ஆத்தா" என்றார். போட்டேன்.

பஸ்ஸில் உட்கார்ந்துதான் பிரித்தேன். ஒரு பக்கம்தான். 'திங்கட்கிழமை நீ பேசாமல் போனாய். கோபமா? கணக்குப் போடும்போதுகூட உன் நினைவுதான் வருகிறது. உனக்கும் அப்படி இருக்கிறதா என்று தெரியவில்லை. இருந்தால் சனிக்கிழமை ஐந்து மணிக்கு ரயில்வே ஸ்டேஷனில் கடைசி பெஞ்சுக்கு வா. நான் இருப்பேன். நீ வராவிட்டால் இல்லை என்று எடுத்துக்கொள்கிறேன். அதன்பிறகு ஒன்றும் கேட்க மாட்டேன்.' 'எடுத்துக்கொள்கிறேன்' என்பதில் தமிழாசிரியர் குறை காணவில்லை.

பின்பக்கத்தைத் திருப்பினேன். பதினேழு 'படித்தேன்'. முதலாவது கையெழுத்து உடையப்பனுடையது.

அன்று சாயங்காலமே கீழச்சிவல்பட்டிக்கு ஒரு கார் வந்தது. தலைவர் இறங்கி என் கடைக்குள் வந்தார். பெஞ்சில் கிடந்த பாவாடைத் துணிகளைத் தானே ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தார். அன்றுதான் நான் 'நீங்க' ஆனேன்.

"பெத்தன் தவறுதலா ஒரு தாளைச் சேத்துக் கொடுத்துட்டான்னு சொன்னாக."

"விதிப்படிதான் கொடுத்தாருய்யா."

"அத நீங்க வச்சு என்ன செய்யப் போறீக?"

"எந் தம்பிக்கு வந்ததுய்யா அது."

அவர் நெற்றியில் வியர்வை. எழுதியது யார் என்று விசாரிக்க வேண்டாமென்று இவர் ஏன் அவ்வளவு வேகமாகத் தீர்மானம் போட்டார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மருதுவின் வகுப்பில்தான் இவருடைய மகன் வயிரவனும் படித்தான். அந்த ஐப்பசியிலேயே, கடிதம் அகப்பட்ட அடுத்த திங்கட்கிழமை, நல்ல பயிற்சி கிடைக்கும் என்று சொல்லி அவனைச் சென்னைக்கு ரயிலேற்றினார்கள். அங்கிருந்து பினாங்கு. பெற்ற தகப்பனுக்கு மகன் கையெழுத்து தெரியாதா?

"என்ன வேணும், சொல்லுங்க" என்றார்.

"சபையில ஒரு நாற்காலி."

மறு கூட்டத்தில், பயனடைந்த குடும்பத்தின் பிரதிநிதி என்று என்னை உறுப்பினராக்கினார்கள். நான் ஒரு கைப்பை வாங்கினேன், பித்தளைக் கொக்கி வைத்தது. நீல உறை அதற்குள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் முன்வரிசையில், தலைவருக்கு நேரெதிரே, பையை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவேன். முதல் கோப்பு வந்தது, கண்டனூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன். டாக்டர் பேதி மருந்தைப் பற்றித் தொடங்கினார். நான் கொக்கியைத் திறந்தேன். டக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். தலைவர் என் பையைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார்.

"பையன் நல்ல பையன்னுதானே எல்லாரும் சொல்றாக? நன்னடத்தைச் சான்று கொடுத்து அனுப்புங்க" என்றார்.

இப்படி ஆறு வருடம். ஏழு பையன்கள். பெண்கள் ஆசிரியப் பயிற்சி விடுதியிலிருந்து ஒருத்தியை விட்டு ஒருத்தி இருக்க மாட்டேன் என்ற இரண்டு பெண்கள். டக். "சின்னஞ்சிறுசுக, சேந்து படிக்குதுக, இதுல நமக்கென்ன" என்றார் தலைவர். வக்கீலுக்கு எழுதப் பத்திரம் இல்லாமல் கை ஓய்ந்துபோனது. சப்-இன்ஸ்பெக்டர் மாற்றலாகிப் போனார். சபை மரம் நட்டது, கபடிப் போட்டி நடத்தியது. யாருக்கும் தீங்கு செய்யாத நாட்கள் சபையின் வரலாற்றில் அவைதான். ஆண்டறிக்கையில் மட்டும் சுணக்கம் என்று எழுதினார்கள்.

கூட்டம் முடிந்ததும் அந்தப் பிள்ளைகளைத் தனியே பார்த்து, அவர்களுக்கு யாராவது எழுதுவதாக இருந்தால் என் பெயருக்கு, என் கடை விலாசத்துக்கு எழுதச் சொல்லுங்கள் என்பேன். வரும் உறைகளைத் துணி அளவு நோட்டுக்குள் வைத்திருந்து பிரிக்காமல் கொடுப்பேன். எந்தப் பட்டமும் வாங்காத நான் செய்த உதவி அவ்வளவுதான். அதற்குப் பூச்சி மருந்து தேவைப்படவில்லை.

1975ஆம் வருடம் ஆவணியில் ஒரு மத்தியானம் ஒரு வெள்ளைச் சட்டைக்காரர் கடை வாசலில் வந்து நின்றார். தாடையைப் பார்த்ததும் யார் மகன் என்று தெரிந்தது.

"அக்கா, நா வயிரவன். நேத்துத்தான் கப்பல்ல வந்து எறங்குனேன். எங்க அப்பச்சி, மருது காய்ச்சல்ல போயிட்டான்னு எழுதியிருந்தாக. இங்க வந்து கேட்டா வேற சொல்றாக."

அப்பச்சி என்றது தகப்பனாரை. உட்காரச் சொன்னேன். அவர் உட்காரவில்லை.

"ஒண்ணு மட்டும் கேக்கணும். அவனுக்கு ஒரு கடுதாசி எழுதினேன். ஸ்டேசன்ல கடைசி வண்டி போற வரைக்கும் உக்காந்திருந்தேன், அவன் வரலை. வாசிச்சிட்டுத்தான் வராம இருந்தான்னு நெனச்சேன். ஏழு வருசமா அப்படித்தான் நெனச்சுக்கிட்டிருக்கேன். வாசிச்சானா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். இல்லை என்றால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

"இல்ல தம்பி. அவன் கையில அது கிடைக்கவே இல்ல. நீங்க ஸ்டேசன்ல உக்காந்திருந்த நேரம் அவன் சபையில சொவரோரமா நின்னுக்கிட்டுக் கடிகாரத்தப் பாத்தான். வரச் சொல்லி எழுதியிருந்தது அவனுக்குத் தெரியாது. உங்ககிட்டப் போக நெனச்சுத்தான் பாத்திருக்கான். உங்களுக்கு எப்படியோ அப்படித்தான் அவனுக்கும். எங்கிட்டச் சொன்னான்."

பையைத் திறந்து கடிதத்தைக் கொடுத்தேன். அவர் தன் எழுத்தைப் பார்த்தார், அதன் மேல் சிவப்பு மையைப் பார்த்தார், பத்துக்கு ஆறைப் பார்த்தார். பிறகு திருப்பினார். வரிசையாகப் பதினேழு பேர். முதல் கையெழுத்தில் கண் நின்றது.

"அப்பச்சியா?"

"அவுகதான் மொத ஆளா வாசிச்சாக."

அவர் அழவில்லை. கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வருகிறேன் அக்கா என்று சொல்லிப் போனார். என்னிடம் இருந்த ஒரே ஆயுதம் அவரோடு போயிற்று. இருக்க வேண்டிய இடத்துக்குத்தான் போகிறது என்று நினைத்தேன்.

அவர் வீட்டில் என்ன நடந்தது என்று எனக்கு நேரில் தெரியாது. ஊரில் சொன்னார்கள். மகனுக்குப் பெண் பார்த்து நிச்சயம் செய்ய இருந்த நாளில், உறவினர் எல்லாரும் கூடியிருந்த நடுமுற்றத்து வளவில், வயிரவன் கடிதத்தை முதல் வரியிலிருந்து சத்தமாக வாசித்தாராம். பிறகு பின்பக்கத்துக் கையெழுத்துகளை, பெயர், தேதியோடு ஒவ்வொன்றாக வாசித்தாராம். டாக்டர் அங்கே இருந்தார். வக்கீல் இருந்தார். தங்கள் பெயர் வந்தபோது இருவரும் எழுந்து போனார்களாம். முதல் பெயரைக் கடைசியாக வாசித்துவிட்டு, ஒரு பெட்டியோடு ரயிலேறிப் போய்விட்டார். எந்த ஊருக்கு என்று யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்த மாதம் சபை கலைந்தது. ஒன்பது அடிப் பலகையை இறக்கிய அன்று பக்கத்து வகுப்புகளில் வெளிச்சம் வந்ததாகப் பெத்தன் வந்து சொன்னார்.

உடையப்பன் தேடாத இடம் இல்லை. சென்னை, பினாங்கு, கொழும்பு என்று ஆள் அனுப்பினார். கடைசியில் என் கடைக்கு வந்தார். காரைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்தார்.

"எங்க இருக்கான்னு உங்களுக்குத் தெரியும்னு சொல்றாக."

"தெரியும்யா."

"நல்லா இருக்கானா?"

நான் ஊசியில் நூல் கோத்தேன்.

இப்போது மாதம் ஒரு தடவை வருகிறார், பெரும்பாலும் மாத முதல் வாரத்தில். வயிரவனின் கடிதம் எனக்கு அந்த வாரத்தில்தான் வரும் என்று எப்படியோ தெரிந்துகொண்டிருக்கிறார். பெஞ்சில் ஓரமாக உட்கார்ந்துகொள்வார். தபால்காரர் உறையை என் கையில் கொடுத்துவிட்டுப் போவார். எழுத்து அதே எழுத்து, பெரியவருக்கு அங்கிருந்தே தெரியும். நான் மிஷினை நிறுத்திவிட்டு, உறையை ஓரத்தில் கத்தரித்து, தாளை விரித்து வாசிப்பேன். இரண்டு பக்கம் இருக்கும். அவசரமில்லாமல் வாசிப்பேன். அவர் கடிதத்தைப் பார்க்க மாட்டார், என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். முகத்தில் ஒன்றும் தெரியாமல் வாசிக்க நான் பழகிக்கொண்டேன்.